நாக்பூரில் நான் சிரித்த சாயங்காலம்

என் சேவியருக்கு,

நீங்கள் இருந்தவரை ஒரு நாள்கூட உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க', 'கேட்டீங்களா', கோபம் வந்தால் 'ஜெனி அப்பா'. இப்போது எழுத உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது உங்கள் பேர்தான். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும். என் மேல் உங்களுக்குக் கோபமே வராது. இப்போது அதுவும்தான் பாரமாக இருக்கிறது.

உங்கள் முதல் வருட நினைவு நாள் வருகிறது. ரயில்வே ஒர்க் ஷாப் நண்பர்கள் சேர்ந்து பொன்மலை மைதானத்தில் உங்கள் பேரில் ஒரு வாலிபால் போட்டி நடத்துகிறார்கள். அதற்கு ஒரு சின்ன நினைவு மலரும் போடுகிறார்கள். அவர்களில் டேவிட் வந்து வாசலிலேயே நின்று, "அண்ணி, அண்ணனப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி நல்லதாக எழுதுவது கஷ்டமே இல்லை. உங்கள் பக்கத்தில் என்னை நிறுத்தி எழுதும்போதுதான் பேனா நிற்கிறது. இதைக் காலனியில் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சேவியர் ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். டிபார்ட்மெண்ட் டீமில் வாலிபால் ஆடுவார், மகா மட்டமாக ஆடுவார். அவர் போடும் சர்வீஸ் நெட்டிலேதான் போய் விழும். ஆனால் அந்த நெட்டை அவரைப் போல விறைப்பாகக் கட்ட ஆள் கிடையாது. விளையாட்டு கோட்டாவில் வேலை கிடைத்து நான் பொன்மலைக்கு வந்த புதிதில், மைதானத்தில் நான் முதலில் பேசிய ஆள் அவர்தான். "நெட்டு ஒரு பக்கம் தொங்குது" என்றேன். அவிழ்த்துவிட்டு முழுசாக மறுபடி கட்டினார். நான் ஸ்ரீரங்கத்துப் பெண், அவர் பாலக்கரை மாதா கோயில் தெருப் பையன். இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இரண்டு வாலிபால் டீம்தான்.

அதற்குப் பிறகு நான் ஆடினேன். நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டீர்கள். இதைவிடச் சுருக்கமாக என் விளையாட்டு வாழ்க்கையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வருடத்தில் பாதி நாள் கேம்ப், மீதியில் பாதி டோர்னமெண்ட். ஜெனி பிறந்து ஒரு வயது ஆனதும் மறுபடி மைதானத்துக்குப் போகச் சொன்னது நீங்கள். முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனபோது, இனிமேல் ஆட வேண்டாம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். நீங்கள் மட்டும் காலுக்கு மணல் மூட்டை தைத்துக் கொண்டுவந்து, "மெதுவாத் தூக்கு, அவசரமில்ல" என்றீர்கள். மாலத்தீவில் ஒரு கிளப் மூன்று மாதம் ஆடக் கூப்பிட்டபோது நான்தான் தயங்கினேன். "கடல் நடுவுல ஆடுறது எத்தனை பேருக்குக் கெடைக்கும், போயிட்டு வா" என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்தீர்கள்.

ஒர்க் ஷாப்பில் உங்களைக் கேலி செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'பொண்டாட்டி பந்து ஆடுறா, சேவியர் மாவு ஆட்டுறான்.' நீங்களே வந்து சொல்லிச் சிரிப்பீர்கள். "என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டால், "தோசை வேணும்னா வீட்டுக்கு வாங்கடான்னு சொன்னேன்" என்பீர்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கேலி உங்களுக்கு எங்கேயாவது உறுத்தியதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?

நம் வீட்டில் நீங்கள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. மேட்ச் அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போடக் கூடாது. ஜெனிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதுகூட நான் மேட்ச் முடித்துக் கூப்பிட்ட பிறகுதான் சொன்னீர்கள். "முன்னாடி சொல்லி என்ன ஆகப் போகுது? நீ அங்க பந்த விட்டிருப்ப, இங்க ஜுரம் விட்டிருக்காது" என்றீர்கள். அப்போது ஜெனி கட்டிலில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ரயில்வே போட்டிக்காக நாக்பூருக்குக் கிளம்பிய அன்று, நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே டிபன் கட்டினீர்கள். "என்னங்க?" என்றேன். "கேஸு. நேத்து பரோட்டா" என்றீர்கள். நானும் கேஸ்தான் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அரையிறுதி மேட்ச் அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகு எல்லோரிடமும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். காலையில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு மெகர் அக்காதான் ஆட்டோ பிடித்து உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஜெனி கூடவே போனாள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார். அந்த நேரத்தில் நான் நாக்பூரில் முட்டிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். மேட்ச் அன்று எல்லோருடைய போனும் எங்கள் கோச் ரங்கநாயகி மேடத்தின் பையில் இருக்கும். என் போனும் அங்கேதான் இருந்தது.

அன்று நான் ஆடிய மாதிரி பல வருடங்களாக ஆடியதில்லை. செட்டர் ஷாஹினா எங்கே தூக்கிப் போட்டாலும் என் கை அங்கே இருந்தது. கடைசி செட்டில், எதிர்ப்பக்கம் இரண்டு பெண்கள் பிளாக்குக்கு எம்பி நிற்க, அவர்கள் விரலுக்கு மேலே பந்தை அடித்து இறக்கினேன். ஜெயித்தோம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தேன். எங்கிருந்தோ ஒரு கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

மேடம் என்னை டிரஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேவியர் போயிட்டார், பவானி" என்றார். எங்கே போனார் என்று நினைத்தேன். மறுபடி சொன்னார். புரிந்தது. புரிந்த பிறகு என் வாயிலிருந்து முதலில் வந்தது உங்கள் பேர் இல்லை, ஜெனி பேர் இல்லை. "அப்ப நாளைக்கு ஃபைனல்?" என்று கேட்டேன்.

ஆமாம். அதைத்தான் கேட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அறையில் மேடத்தைத் தவிர யாரும் இல்லை.

ராத்திரி விமானத்தில் சென்னை வந்து, மறுநாள் காலை காலனியில் இறங்கியபோது நான் டீம் டிராக் சூட்டில்தான் இருந்தேன். மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. நீங்கள் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள். ஜெனி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

வாசல் பந்தலில் நாற்காலி மேல் அன்றைய பேப்பர் கிடந்தது. விளையாட்டுப் பக்கத்தில் என் படம். நம் ஊர்ப் பெண் ஜெயித்ததாகப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பல்லுக்கு மேல் ஈறு தெரியும் சிரிப்பு. நான் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனபோது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நம் எதிர் வரிசை லூர்து அக்கா.

"இங்க அவன் செத்துக் கெடக்கான், அங்க எப்படி வாய் கொள்ளாமச் சிரிக்கிறா பாரேன்."

"அவளுக்குத் தெரியாதாம்ல?"

"என்ன தெரியாது. ஆட்டக்காரிங்க அப்படித்தான்."

ஆட்டக்காரி. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் முதல் தடவை டவுசர் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது என் சித்தப்பா சொன்ன அதே சொல். அப்போது எனக்கு வெட்கமே இல்லை, கோபம்தான் வந்தது. இந்தத் தடவை கோபம் வரவில்லை. ஏனென்றால் லூர்து அக்காவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். படத்திலாவது தெரியாமல் சிரித்தேன். ஃபைனலைப் பற்றித் தெரிந்துதானே கேட்டேன்?

கல்லறையில் ஃபாதர் ஜெபம் சொல்லும்போது, நாக்பூரில் இப்போது டாஸ் போட்டிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. விரட்டினேன், மறுபடி வந்தது. உங்கள் மேல் மண் போடக் கையை நீட்டியபோது என் விரல்களில் இன்னும் டேப்பின் பசை ஒட்டியிருந்தது. நீங்கள் மேலே இருந்து இதையெல்லாம் பார்த்தீர்களா? பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது.

அப்புறம் நான் ஆடவில்லை. ஆபீஸுக்குப் போனேன். இத்தனை வருடம் சம்பளம் வாங்கிய ஆபீஸில் எனக்கென்று ஒரு மேஜை இருந்தது, அதில் உட்கார்ந்து செய்யும் வேலை எனக்குத் தெரியாது. ஒரு லீவு பில் போட அரை நாள் முழித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். டீ வந்தால் முதலில் எனக்குக் கொடுப்பார்கள். வேலை வந்தால் எனக்குக் கொடுக்க மாட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். குழம்புப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஜெனியைக் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்குப் புடலங்காய் பிடிக்காது என்று மூன்று தடவை பொரியல் வைத்த பிறகுதான் தெரிந்தது. அவளும் அதுவரை சொல்லவில்லை, தின்றுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனால் மீன்காரம்மா, "சார் வாங்குறதத் தரவா?" என்று கேட்பார். நீங்கள் என்ன மீன் வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியாது என்பதை வெளிக்காட்டாமல், "ம்" என்பேன்.

ஜெனி என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஊரில் மற்றவர்களைப் போல அவளும் என் மேல் வெறுப்பாக இருக்கிறாள் என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. மேடத்தின் மேல் போட்டேன். மேட்ச் நடக்கும்போதே விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயிப்பதற்காக மறைத்துவிட்டார். அவர் அப்போதே சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை, அந்தப் படம் இல்லை, அந்தப் பேச்சு இல்லை. மேடம் போன் செய்தால் எடுக்க மாட்டேன். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோதும் முகம் கொடுக்கவில்லை.

இந்த வருட ரயில்வே போட்டி நம் திருச்சியிலேயே என்று முடிவானது. டீமில் என் பேரைப் போட்டிருந்தார்கள். வர முடியாது என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். ஆனால் எனக்கு மேடத்தின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போல இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன்.

சித்திரை வீதியில் மேடத்தின் வீடு. அவர் முற்றத்தில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவிலிருந்து அந்தக் காலத்திலேயே வாலிபால் ஆடக் கிளம்பிய பெண். மடிசார் கட்டின அம்மாக்கள் நடுவில் டிராக் சூட்டில் நடந்தவர். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வா பவானி. உக்காரு. தீர்த்தம் கொண்டு வரேன்."

"வேணாம் மேடம். நான் ஆட வரலை. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"போன்லயே சொல்லியிருக்கலாமே."

"நேர்ல சொல்லணும்னு தோணுச்சு. உங்களுக்குக் கப்புதான் பெருசு, மேடம். என் புருஷன் செத்ததத் தெரிஞ்சுக்கிட்டே என்ன ஆட வெச்சீங்க. ஊரே என்னப் பாத்துக் காறித் துப்புது. நீங்க ஜெயிக்கணும்கிறதுக்காக என்ன இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டீங்க."

அவர் வாழைத்தண்டு நாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். நான் நிறுத்தியதும், "இன்னும் இருந்தா அதையும் சொல்லிடு" என்றார்.

"நீங்கதானே சொல்ல வேணாம்னு முடிவு பண்ணீங்க?"

"ஆமாம். நான்தான் முடிவு பண்ணினேன்."

"ஏன்?"

கத்தியை மறுபடி எடுத்து ஒரு துண்டு நறுக்கினார். "ஜெனி எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"அவ பேர நீங்க எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேவியர், அந்த முற்றத்தில் மேடம் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப் போயிருக்கும். 'ஃபைனலைப் பத்திக் கேட்டது நீயா நானா?' என்று ஒரு வரி. ஜெயிப்பது யாருக்குப் பெரிது என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது அதை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் மனதைத் திருப்பிக்கொண்டேன், நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன் என்று.

வீட்டில் ஜெனி ஸ்கூல் யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னமோ சாதித்துவிட்டு வந்தவளைப் போல நான் ஆரம்பித்தேன். "மேடத்த நல்லாக் கேட்டுட்டேன்டி. மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

"என்ன கேட்டே?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, அது மேடம் இல்லம்மா. நான்தான்."

"என்ன நான்தான்?"

"ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவோட போன்ல நான்தான் மேடத்துக்குப் போன் பண்ணேன். அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, மேட்ச் முடிஞ்சதும் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன். மேடம் ஒத்துக்கவே இல்ல. அது தப்புடா கண்ணா, அம்மாகிட்டப் போனக் குடுக்கறேன்னாங்க. நான் அழுதேன். அப்பா இருந்தா அப்படித்தான் சொல்லுவாங்க, ப்ளீஸ் மேடம்னு அழுதேன். நீ எப்படியும் உடனே வர முடியாதுல்ல? டெங்கு வந்தப்ப அப்பா என்ன சொன்னாங்க..."

யூனிபார்மை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இத ஏண்டி இவ்வளவு நாளா சொல்லலை?"

"மேடம்தான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க. நான் பாத்துக்கறேன்னாங்க. எல்லாரும் உன்னப் பேசுனப்ப எனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. பயமா இருந்துச்சு." அவள் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பேப்பர்ல படம் வரும்னு எனக்குத் தெரியாதும்மா."

ஒன்பதாவது படிக்கிற பெண். அப்பாவின் உயிர் போன ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அம்மாவின் மேட்சைக் காப்பாற்ற நினைத்திருக்கிறாள். அந்த மேட்ச் அவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நீங்களா, நானா? உங்கள் மேல் ஒரு கணம் கோபம் வந்தது, சேவியர். முதல் தடவையாக வந்தது. எனக்காக நீங்கள் போட்ட சட்டத்தை அந்தக் குழந்தை தன் தலையில் தூக்கிக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் நிழலில் சுகமாக ஆடியவள் நான்தானே? ஒரு நாளாவது 'வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்' என்று நான் சொன்னேனா?

அவளைக் கட்டிக்கொள்ளக்கூட எனக்குக் கை வர நேரமானது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கட்டிக்கொள்வது? "நீ பண்ணது தப்பு இல்லடா" என்றேன். "நெஜமாவா?" என்றாள். "நெஜமா" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவே எனக்குப் போதும் போல இருந்தது.

மறுநாளே மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். மேடம் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குழந்தை சொல்லிட்டாளா?" என்றார். காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"ஏன் மேடம் எல்லாத்தையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க? டீம்ல கூட உங்களத்தானே பேசினாங்க."

"எனக்கென்ன. வயசாச்சு, பேசினா பேசிண்டு போறா. அவ சின்னப் பொண்ணு. அப்பா போன அன்னிக்கு எடுத்த முடிவ அவ தலையில கட்டிட்டு நான் தப்பிச்சுக்கறதா?"

"நான் அன்னைக்கு ஃபைனலப் பத்திக் கேட்டேனே. நேத்து நான் அவ்வளவு பேசியும் அத நீங்க சொல்லலையே."

"அதெல்லாம் ஒரு பேச்சா? என் ஆத்துக்காரர் போனப்போ, நாளைக்குப் பால் வேண்டாம்னு பால்காரன்கிட்ட சொல்லணுமேன்னுதான் எனக்கு முதல்ல தோணித்து. மனசு அடிபட்டா எதையாவது பிடிச்சுக்கும்."

"அது பால், மேடம். இது ஃபைனல். எனக்கு அதுல ஆசை இருந்துச்சு."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். "ஆசை இல்லாமலா இத்தனை வருஷம் குதிச்சே? சேவியருக்கு அது தெரியாதுன்னா நினைக்கறே?"

உங்களுக்குத் தெரியுமா, சேவியர்? அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் என்னைக் கல்யாணம் செய்தீர்களா? இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து, தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தீர்களா?

கிளம்பும்போது மேடம், "பேரை நான் அடிக்கலை. வரதும் வராததும் உன் இஷ்டம்" என்றார். வீட்டுக்கு வந்து ஜெனியிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு டோர்னமெண்ட் போகலாமா என்று அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் யோசித்தாள். "நான் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். அவள் என் மேட்சை நேரில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் வெளியூர். எப்போதும் ஸ்கூல்.

ஆடினேன். உள்ளரங்கத்தில் காலனி ஆட்கள் ஒரு பக்கம் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். முதல் செட்டில் என் கால் எழும்பவே இல்லை. பாயிண்ட் எடுத்தபோதும் தலையைக் குனிந்துகொண்டு என் இடத்துக்கு நடந்தேன். மற்ற பெண்கள் ஓடி வந்து கையைத் தட்ட வந்தால் பாதிக் கையை நீட்டினேன். சந்தோஷப்பட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். செட்டைத் தோற்றோம். ஷாஹினா தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்து, "அக்கா, உங்க கஷ்டம் தெரியும். ஆனா நீங்க இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டா எங்களுக்கு ஆட்டமே வரலை" என்றாள். பாவம், சின்னப் பெண். போன வருடம்தான் டீமுக்கு வந்தவள். என் அவமானத்தை நான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த செட்டில் நிமிர்ந்து ஆடினேன். வெட்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முட்டி வலியோடு ஆடுவதில்லையா, அந்த மாதிரி அதோடு ஆடினேன். ஜெனி கேலரியில் மெகர் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆட்டம் ஐந்தாவது செட் வரை போனது. கடைசிப் பந்தை நான்தான் அடித்தேன். பிளாக்கில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது. தோற்றோம்.

வெளியே வரும்போது லூர்து அக்கா பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். மூடியில் டீ ஊற்றி நீட்டினார். "எவ்ளோ உசரம் எகிறுற, அம்மாடி. பக்கத்துல இருந்து இப்பத்தான் பாத்தேன்" என்றார். அன்று பின்கட்டில் பேசியதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீ குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி. அக்கா, இதைப் படித்தால் வருத்தப்படாதீங்க. நீங்க சொன்னதில் பாதி எனக்கே தோன்றியதுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தை டேவிட்டிடம் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

மேட்சுக்கு மறுநாள் காலையில் ஜெனி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் கைப்பக்குவம் அவளுக்கு வந்திருக்கிறது, ஓரம் முறுகலாக வார்க்கிறாள். திரும்பாமலேயே கேட்டாள். "அம்மா, மேடம் அன்னைக்கு உன்கிட்ட அப்பாவப் பத்திச் சொன்னப்ப நீ முதல்ல என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலடா. அழுதேன்."

"ம்" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். தான் செய்தது சரிதானா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் முதல் வார்த்தையில் அதற்குப் பதில் இருக்கும் என்று நினைக்கிறாள். தன் உண்மையை என் முன்னால் வைத்துவிட்ட குழந்தையிடம் நான் பொய் சொன்னேன். நாக்பூரில் சிரித்ததைவிட, ஃபைனலைக் கேட்டதைவிட, அந்த அடுப்படியில் சொன்ன பொய்தான் இப்போது என்னைத் தலை நிமிர விடாமல் பண்ணுகிறது. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். நீங்கள் என்னைப் பார்த்த மாதிரியே அவளும் பார்க்க வேண்டும் என்ற பேராசை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் ஜெனியும் உங்களிடம் வருவோம். கல்லறைக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து, நான் கேட்ட அந்த வார்த்தையை அவளிடம் அப்படியே சொல்லப் போகிறேன். 'எனக்கு ஆசை இருந்தது' என்றும் சொல்வேன். அவள் எழுந்து போனாலும் சரி, என்னோடு மறுபடி பேசாமல் இருந்தாலும் சரி. அவளிடம் சொன்ன பிறகுதான் இந்தக் காகிதம் டேவிட் கைக்குப் போகும். மலரில் இந்தப் பக்கம் வந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா,
பவானி